எர்த் வயர்

பாப்கார்ன் எனக்குப் பிடிக்காது சார். பல்லிடுக்கில் தோல் சிக்கிக்கொண்டு ரெண்டு நாளைக்கு உறுத்தும். தியேட்டருக்குப் போனாலும் வாங்க மாட்டேன்.

என் பெயர் இருளப்பசாமி. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். மில்லை மூடிய பிறகு திருச்சுழி ரோட்டில் பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, காசு போடுகிற மெஷின்களை வாங்கிச் சரிசெய்ய ஆரம்பித்தேன். முதலில் வந்தது, இடிக்கப்போகிற தியேட்டர் ஒன்றில் கிடந்த எடை பார்க்கும் மெஷின். காசு போட்டால் கலர் பல்பு சுற்றி எரியும், சக்கரம் சுற்றும், எடை அச்சடித்த அட்டை விழும். எலி கடித்த வயரையெல்லாம் உருவிப்போட்டு, பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஆறு மாசத்தில் ஓட வைத்தேன். அதைப் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வந்தார்கள். அப்புறம் ரயில்வே ஸ்டேஷன் மெஷின் நாலு, ஒரு ரூபாய் போன் ரெண்டு, மிட்டாய் கொடுக்கும் மெஷின் ஒன்று. விற்றதும் உண்டு. விற்க மனசில்லாமல் வைத்துக்கொண்டதும் உண்டு.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. மெஷின் செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே இருக்க வேண்டும். புதுப் பெயிண்ட் அடிக்க மாட்டேன். பழைய பெயிண்டைத் துடைத்து வெளியே கொண்டுவருவேன். ஒரு திருகாணி தொலைந்திருந்தால் அதே மரை உள்ள திருகாணி கிடைக்கும்வரை அந்த ஓட்டை சும்மாவே இருக்கும்.

இனாயத்துல்லா பாய் என்னைத் தேடி வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். காரியாபட்டிக்காரர். சவூதியில் பழைய கட்டடங்களை இடிக்கிற கம்பெனியில் இருபது வருஷம் போர்மேனாக இருந்தவர். அங்கே எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த அமெரிக்காக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சினிமா ஹால் ஒன்றை இடித்தபோது, சுவரோரம் மணல் மூடி ஒரு மெஷின் நின்றிருக்கிறது. எல்லோரும் பழைய இரும்புக்குப் போடச் சொல்ல, இவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊருக்கு வரும்போது கப்பலில் போட்டுவிட்டார்.

பெட்டியைப் பிரித்தோம். ஆள் உயரம். சிவப்பும் வெள்ளையுமாகத் தகரம். நெஞ்சு உயரத்தில் கண்ணாடி ஜன்னல். அதற்குள் சிரட்டை அளவில் ஒரு சின்னக் கொப்பரை. காசு போட்டால் ஒரு கைப்பிடி சோளம் அளந்து அந்தக் கொப்பரையில் விழும். சூடேறும். நின்றுகொண்டு பார்க்கலாம், ஒவ்வொன்றாக வெடித்துக் கண்ணாடியில் மோதும். கொப்பரை நிறைந்ததும் தானாகக் கவிழ்ந்து கீழே அட்டைப் பெட்டியில் கொட்டும். எழுபது வருஷத்துக்கு முந்தின வேலை. உள்ளே எட்டு சேர் மணல் இருந்தது.

"ஓட வைக்க முடியுமாண்ணே?" என்று பாய் கேட்டார்.

"பாப்போம் பாய். அவசரப்படுத்தக் கூடாது."

"நீங்க எத்தன வருஷம்னாலும் வச்சுக்கங்க."

சொன்னபடியே அவர் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள் சார். நல்ல மனுஷன். மாசம் ஒருதரம் பைக்கில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போவார். நோன்புக் காலத்தில் கஞ்சி கொண்டுவருவார். மூன்று வருஷம் ஆயிற்று. அந்த மூன்று வருஷமும் காலையில் கிட்டங்கியைத் திறந்ததும் நான் முதலில் போவது அந்த மெஷினிடம்தான். காசு போகிற வழியில் ஒரு மெல்லிய தராசு இருக்கிறது. அதை மட்டும் சரிசெய்ய ஏழு மாசம். ஒரு நாள் மத்தியானம் முதல் சோளம் வெடித்தது. பாயும் இருந்தார். ரெண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். அவர் ஒரு குத்து எடுத்து என் கையில் கொடுத்தார். நானும் தின்றேன்.

அன்றைக்கே அது என்னுடையது என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன புரட்டாசியில் பாய் வந்து, காரியாபட்டியில் மதுரை ரோட்டிலேயே பேக்கரி திறக்கப்போவதாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் அப்படியே உள்ளே வரும் இடம். மெஷினைக் கடை வாசலில் வைக்கப்போகிறார். அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். மெஷினை அதில் வரைந்திருந்தார்கள். சிவப்பு முழுக்கப் பச்சை. குறுக்கே கடைப் பெயர். காசு போடும் துவாரம் இருந்த இடத்தில், போனைக் காட்டிப் பணம் கட்டுகிற அந்தக் கட்டம்கட்டமான ஸ்டிக்கரும், "பணம் வந்தது" என்று சொல்லுகிற பேசும் பெட்டியும்.

"காசு யாருண்ணே இப்பக் கையில வச்சிருக்கா?" என்றார். "மொகப்புல நாலு ஓட்ட போட்டா அந்தப் பெட்டி உக்காந்துரும். காசுத் தராசக் கழட்டிப் போட்டுரலாம். கடை தெறந்து அடுத்த வாரம் பெயிண்டரு வாராரு. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாக்கணும்."

"மொகப்புல ஓட்ட போடணுமா பாய்?"

"என்னண்ணே, தகரந்தானே."

நான் சரி என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மெஷின் போவதற்கு முந்தின நாள் அதில் ஒரு வேலை பார்த்தேன். அமெரிக்காவில் அதைச் செய்தபோது எர்த் வயர் கிடையாது. ரெண்டு பின் பிளக்குதான். அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று முப்பது என்பதால் அடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து, பாதுகாப்புக்காக நானே ஒரு எர்த் வயரும் கொடுத்திருந்தேன். பச்சை வயர். உள்ளே எங்காவது கசிந்து தகரத்தில் கரண்ட் ஏறினால், ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது அந்த வயர்தான். அதைக் கழற்றினேன். அசலில் இல்லாததை எடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சை அடிக்கப்போகிறவருக்கு அசல் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு. நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு ஜெயபாண்டி போன் செய்தான். எம்.ரெட்டியபட்டிப் பையன். கல்யாணமாகி ஒரு வருஷம். பாய் கடைக்கு வயரிங் செய்தவன். சுத்தமாக வேலை செய்வான். அந்தச் சின்னக் கடைக்குக்கூட, கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற டிரிப் சுவிட்ச் வாங்கிப் போட்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒங்க மெஷினப் போட்டா டிரிப் ஆகுது. காலைல தரை கழுவுன ஈரத்துல போட்டேன், ஒடனே ஆச்சு. தரை காஞ்சதும் நிக்குது. திருப்பித் தண்ணி தெளிச்சுப் பாத்தேன், திருப்பி ஆகுது. உள்ள எங்கனயோ கசியிது போல. பின்னாடி தெறந்து பாக்கட்டுமா?"

பையன் சரியாகக் கண்டுபிடித்திருந்தான். அந்த மெஷினின் கால்கள் இரும்பு. ஈரத்தரையில் நின்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

"தெறக்காத தம்பி," என்றேன். "பழைய மெஷினு, அப்பிடித்தான் கொஞ்சம் கசியும். கொப்பரை சூடேறிப் பழகிட்டா சரியாப் போயிரும். அந்த டிரிப் சுவிட்ச விட்டுட்டு நேரா குடுத்துரு."

"நேராவா அண்ணாச்சி?"

"நாந்தான் சொல்றேன்ல."

கடை வாசலில் ஜனம் நிற்கிறது, ரிப்பன் கட்டியிருக்கிறது, பாய் அவசரப்படுத்துகிறார். சொல்லுகிறவன் இருபத்தாறு வருஷம் மில் பார்த்தவன். அவன் நேராகக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாய் போன் செய்தார். கூட்டம் பிரமாதம் என்றார். அப்புறம், "பெத்தம்மாள் ஒண்ணு சொல்லுதுண்ணே. மெஷினத் தொடச்சா சுருக்குனு இழுக்குதாம். நான் தொட்டுப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல."

பெத்தம்மாள் கடையில் பெருக்கித் துடைக்கிற பொம்பளை. ஐம்பது வயது இருக்கும்.

"செருப்புப் போட்டிருந்தீகளா பாய்?"

"ஷூ போட்டிருந்தேன்."

"அந்தம்மா?"

"அது என்னைக்குண்ணே செருப்புப் போட்டுச்சு? வெறுங்காலுதான்."

"வெள்ளிக்கிழமை வாரேன் பாய், வந்து பாக்கறேன்," என்றேன்.

காரியாபட்டிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. அந்த ரெண்டு நாளும் நான் கிட்டங்கியில் சும்மாதான் இருந்தேன். அப்போது நான் நினைத்தது இதுதான்: சுருக்கென்று இழுக்க இழுக்க பயம் வரும். வாங்க வருகிற ஜனமும் பயப்படும். பாயே போன் செய்து, இதை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லுவார். பெயிண்டர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

புதன்கிழமை மூணு மணிக்கு மழை பிடித்தது. நம் பக்கத்தில் மழை என்றால் உங்களுக்கே தெரியும் சார். ஆறு மாசமாக ஒரு துளி இல்லை. ரோட்டில் போனவர்கள் ஒதுங்காமல் நனைந்துகொண்டே நின்றார்கள். எதிர்ப்புஞ்சையில் ஒருவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

காரியாபட்டியிலும் பெய்யும் என்று தெரியும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் கடைக்குள் ஒதுங்குவார்கள். கரிசல் சேறு. கால் பட்ட இடமெல்லாம் அப்பும். கூட்டம் நிற்கும்போதே துடைக்க வேண்டியிருக்கும். காலையில் என்றால் மெஷின் போடுவதற்கு முன்னாலேயே தரை கழுவிக் காய்ந்துவிடும். இது அப்படியில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

போனைக் கையில் எடுத்தேன். பாய் பெயரைக்கூட எடுத்துவைத்தேன். பிளக்கைப் பிடுங்குங்கள் என்று ரெண்டு வார்த்தை. ஏன் என்று கேட்பார். ஜெயபாண்டியைக் கூப்பிட்டுத் திறந்து பார்ப்பார். போனை மடியில் வைத்துக்கொண்டேன். மழை நல்ல மழை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெய்தது.

அஞ்சரைக்குப் பாய் போன் செய்தார். பெத்தம்மாள் ஒரு கையில் ஈரத்துணியோடு குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, எழுந்திருக்க ஆதரவாக மெஷினைப் பிடித்திருக்கிறது. ஒதுங்கி நின்ற ஜனம், அது மெஷினைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த பஸ்ஸில் போனேன். உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வந்திருந்த மின்வாரிய அதிகாரியிடம், மெஷினைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன் நான்தான் என்று பாயின் ஆட்கள் சொன்னார்கள். திறந்து காட்டுகிறேன் என்று நானே முன்னால் போனேன். பின்தகரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, பார்ப்பது போலக் கையை உள்ளே விட்டு, செய்ய வேண்டியதைச் செய்தேன். என்ன செய்தேன் என்பதை முடிவில் சொல்கிறேன். "பழைய மாடல் சார், எர்த் கிடையாது. ஈரம் எறங்கியிருக்கு. டிரிப் சுவிட்ச் இருந்திருந்தா அந்தம்மா பொழச்சிருக்கும்," என்றேன். அவர் போர்டைப் பார்த்தார். டிரிப் சுவிட்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயபாண்டி அங்கேதான் நின்றான்.

"அண்ணாச்சி, நீங்கதான நேரா குடுக்கச் சொன்னீக?"

"நான் எப்பத் தம்பி சொன்னேன்? டிரிப் ஆகுதுன்னா தெறந்து பாருன்னுல்ல சொன்னேன்."

அவன் என்னையே பார்த்தான். கோபம்கூட வரவில்லை அவனுக்கு. நான் பொய் சொல்லுவேன் என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. கேஸ் அவன் மேல் போட்டார்கள். இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தான். அப்போது அவன் பெண்டாட்டிக்கு ஏழாவது மாசம்.

விசாரணை முடிந்ததும் மெஷினைப் பாய் லோடு ஆட்டோவில் ஏற்றி என் கிட்டங்கிக்கே அனுப்பிவிட்டார். கூட வரவில்லை. போனும் இல்லை. முகப்பில் ஓட்டை இல்லை, பச்சை இல்லை. போனபடியே வந்துவிட்டது. அன்றைக்கே எர்த் வயரைத் திரும்ப மாட்டினேன். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், அஞ்சு விரல் தடம் மங்கலாக இருந்தது. சேறு காய்ந்த தடம். துடைத்தேன், போய்விட்டது. ஆனாலும் அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பத் துடைக்கிறேன் சார். எழுபது வருஷம் தாங்கின பெயிண்ட், அந்த இடத்தில் மட்டும் இப்போது தேய்ந்து தகரம் தெரிகிறது.

பதினாறாம் நாளுக்குப் போயிருந்தேன். பெத்தம்மாளுக்கு ஒரே மகள், சுமதி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாப்பிடக் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க கரண்டு வேலை தெரிஞ்சவுகன்னு சொன்னாக. அம்மாவுக்கு வலிச்சிருக்குமா?"

"தெரிஞ்சே இருக்காதும்மா. கண்ண மூடித் தெறக்குற நேரம்."

அவள் என் ஈரக்கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரண்ட் பிடித்த கையை விடுவிக்க முடியாது. வாய் திறக்கும், சத்தம் வராது. சுற்றி நிற்கிறவர்கள் தெரிவார்கள். மில்லில் நான் ரெண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொல்ல முடியுமா? ஆறுதலுக்காகச் சொன்ன பொய் என்று யாரும் மன்னிக்கலாம். ஆனால் அவள் பிடித்த அந்தக் கையைக் கொண்டுதான் நான் அன்றைக்கு இலையில் சாப்பிட்டேன், பாயசம் உட்பட.

இதற்குப் பிறகும் நான் வந்திருக்க மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஜெயபாண்டி கிட்டங்கிக்கு வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் ஸ்விட்ச் போடுவதுகூடப் பெண்டாட்டிதானாம். மெஷினைப் பார்க்காமல் எனக்கு நேராக உட்கார்ந்தான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க பேர அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

கையிலிருந்த துணியை மடித்துவைத்தேன்.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரே கூட்டம், மைக்கு செட்டுச் சத்தம். நீங்க தெறந்து பாருன்னுதான் சொல்லியிருக்கீக. எனக்குத்தான் மாத்தி விழுந்திருக்கு. இல்லன்னா நீங்க போயி அப்பிடிச் சொல்லுவீகளா? ஒரு உசுர நான் கொன்னுட்டேன் அண்ணாச்சி. பிள்ளையத் தொட்டுத் தூக்கவே பயமா இருக்கு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான். அவன் ரோட்டைத் தாண்டி பஸ் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யாத ஒன்றை அவன் தூக்கிக்கொண்டு போகிறான், அதுவும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. மறுநாள் பூராவும் நான் கிட்டங்கியைத் திறக்கவில்லை. இன்றைக்குக் காலையில் இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி சார். எர்த் வயரைக் கழற்றினால் மட்டும் தகரத்தில் கரண்ட் ஏறாது. உள்ளே கசிய வேண்டும். நான் சரிசெய்து கொடுத்த மெஷினில் கசிவு கிடையாது. அந்தச் சனிக்கிழமை, எர்த்தைக் கழற்றிய பிறகு, உள்ளே வருகிற இருநூற்று முப்பது வயரில் ஒரு விரல்கடை நீளத்துக்கு மேல்தோலைப் பிளேடால் சீவினேன். சீவின இடத்தைத் தகரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வளைத்து வைத்தேன். ஓட்டத்தில் அதிர அதிர அது நன்றாகத் தொடும் என்று தெரியும். ஜெயபாண்டி திறந்திருந்தால் பார்த்த உடனே தெரிந்திருக்கும், இது தேய்ந்ததில்லை, சீவினது என்று. அதனால்தான் திறக்க விடவில்லை. அந்தப் புதன்கிழமை சாயங்காலம், அத்தனை பேர் பார்க்க, டார்ச் வெளிச்சத்தில் அந்த வயரைத் தள்ளிவைத்து டேப் சுற்றியதும் நான்தான்.

பயமுறுத்தத்தான் செய்தேன் என்று இத்தனை நேரமும் உங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். இத்தனை மாசமாக எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியே எழுதிவிட்டீர்கள் என்றால் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பயமுறுத்த நினைத்தவன், அன்றைக்கு அஞ்சரை மணிக்குப் பாய் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னபோது பதறியிருப்பான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா, உயிர் இருக்கிறதா என்று கேட்டிருப்பான். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்ததும் கேட்டேன்:

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே பாய்?"